செம்பில் அடித்த ரூபாய்

போன ஞாயிறு காலை, எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் பாதி கட்டி நிற்கும் ஒரு வீட்டின் வாசலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே போகவில்லை, திரும்பி வரவும் இல்லை. என்னோடு இன்னும் நாலு பேர். ஐந்து பேரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் கையில் கடப்பாரை வேறு.

எல்லாம் ஒரு ரூபாய்க்காக.

கிண்டல் இல்லை... நிஜமாகவே ஒரு ரூபாய். அந்த வீட்டு வாசல் நிலைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அதை எடுப்பதா, விடுவதா? ஒரு வாரமாக எங்கள் ப்ளாக்கில் இரண்டு குவார்ட்டர்ஸில் இதே பேச்சு. ஒன்று, ரூபாய்க்குச் சொந்தக்காரரின் வீடு. இன்னொன்று, வழக்கம்போலச் சம்பந்தமே இல்லாமல் மூக்கை நுழைத்த என் வீடு.

முதலிலிருந்து சொல்கிறேன்.

கலியபெருமாள் எங்களுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட். சொந்த ஊர் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் குளிப்பார், டீ குடிப்பார், பீரோவைத் திறப்பார். மற்ற வீடுகளில் பீரோவுக்குள் பட்டுப்புடவை இருக்கும், நகை இருக்கும். இவர் பீரோவில் இருப்பது பழைய நாணயங்கள். காலணா, ஓட்டைக் காலணா, ஓரம் நெளிந்த பத்து பைசா, காற்றடித்தால் பறந்துவிடும் போலிருக்கும் அலுமினியப் பைசாக்கள்... எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பங்களில் வரிசையாக இருக்கும்.

தொட்டுப் பார்க்கலாம். ஆனால் ஓரத்தைப் பிடித்துத்தான் தொட வேண்டும். நான் ஒருமுறை தெரியாமல் ஒரு நாணயத்தின் முகத்தில் கட்டை விரலை வைத்துவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இந்த ஆல்பங்களில் சேராத ஒரு நாணயம் உண்டு. அதற்கு மட்டும் தனி மரியாதை. தலைவலித் தைலம் வந்த ஒரு தகர டப்பாவில், பஞ்சுக்கு நடுவே படுத்திருக்கும். பக்கத்தில், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று. யார் வந்தாலும் டப்பா திறக்கும். யார் வந்தாலும் காந்தம் வெளியே வரும்.

ஐம்பதுகளில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் கதிர். நிக்கலில் அடித்தது, வெள்ளை வெளேரென்று இருக்கும். இவரிடம் இருப்பதும் அதே ரூபாய்தான். அதே சிங்கம், அதே கதிர், அதே அளவு. நிறம் மட்டும் வேறு... அடுப்படியில் வெகுநாள் இருந்த செம்புச் சொம்பின் நிறம்.

"நிக்கல் ரூபா காந்தத்துல ஒட்டும் மேடம். பாருங்க," என்று ஒரு வெள்ளை ரூபாயை ஒட்டிக் காட்டுவார். பிறகு டப்பா ரூபாயைப் பக்கத்தில் கொண்டு போவார். "இது ஒட்டுதா?"

ஒட்டாது.

"நிக்கலுக்கு மேல செம்பு முலாம் பூசியிருந்தா ஒட்டணுமா இல்லியா? அப்ப இது உள்ளயும் செம்புதான். எடை போட்டுப் பாக்கலாம்னு சொல்லுவாங்க. செம்பும் நிக்கலும் எடையில ஏறக்கொறைய ஒண்ணு, அதுல ஒண்ணும் தெரியாது. காந்தம்தான் சொல்லும்."

அவர் சொல்லித்தான் எனக்கு இந்த விவரம் தெரியும். ஒரு நாணயத்தை ஜனங்கள் கையில் விடுவதற்கு முன்னால், நாணயச்சாலையில் சில சமயம் வெவ்வேறு உலோகத்தில் அடித்துப் பார்ப்பார்களாம். செம்பில் ஒன்று, பித்தளையில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று... அச்சு சுத்தமாக விழுகிறதா, சீக்கிரம் தேய்ந்துவிடுமா என்றெல்லாம் பார்த்து, ஏதாவது ஒரு உலோகத்தை முடிவு செய்வார்கள். மற்றவற்றை உருக்கிவிடுவார்கள். எப்போதாவது ஒன்றிரண்டு எப்படியோ தப்பித்து வெளியே வந்துவிடும். மாதிரி நாணயம் என்று பெயர். நாணயம் சேர்ப்பவர்கள் 'பேட்டர்ன்' என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு ரூபாய்க்கே இத்தனை ஒத்திகையா? கல்யாணத்துக்கு முன்னால் நமக்கு யாராவது ஒரு மாதிரி அடித்துக் காட்டினார்களா? நேராகப் புழக்கத்தில் விட்டுவிட்டார்கள். (என் வீட்டுக்காரர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

சரி, அப்படிப்பட்ட அபூர்வ வஸ்து திருவதிகைக்காரரிடம் எப்படி வந்தது?

பண்ருட்டியில் ஒரு பழைய பாத்திரக் கடை. உடைந்த குடம், ஒடுங்கிய அண்டா என்று எடைக்கு வாங்கிப் போடுகிற கடை. வீட்டுக்கு ஒரு செம்புச் சொம்பு தேடிப் போனவர், செம்புக் குவியலுக்குள் இதைப் பார்த்திருக்கிறார். செம்பாக இருந்ததால் அதை யாரும் ரூபாயாகவே மதிக்கவில்லை. கடைக்காரரும் சொம்போடு சேர்த்துத் தராசில் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தச் சொம்பில்தான் ஜெயக்கொடி இன்றைக்கும் தண்ணீர் வைக்கிறாள். ஜெயக்கொடி, கலியபெருமாளின் மனைவி. வடக்குத்தில் பிறந்தவள். என் வயசுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். நான் அதை ஒரு நாளும் திருத்தியதில்லை, திருத்தினால் எனக்குத்தான் நஷ்டம். ஊர்ப் பஞ்சாயத்துக்கெல்லாம் அந்த அக்கா பட்டம்தானே அனுமதிச் சீட்டு?

டவுன்ஷிப் பூங்காவில் ஞாயிறு சாயங்காலம் நாணயம், ஸ்டாம்ப் சேர்க்கிற ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். முதல் தடவை கலியபெருமாள் அங்கே டப்பாவைத் திறந்தபோது, ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "பட்டறையில வார்த்தது சார் இது. யாரோ வெளையாட்டுக்குப் பண்ணியிருக்கான்." அன்றோடு அவருக்குப் பெயர் வந்துவிட்டது. செம்பு. "செம்பு வந்தாச்சா?" "செம்பு, காந்தம் கொண்டாந்தியா?" இருபது வருஷத்துக்கு மேலாக இதே பெயர்.

இடையில் வாட்ஸ்அப் வந்து அவருடைய நிலைமையை இன்னும் மோசமாக்கியது. உங்களுக்கும் வந்திருக்குமே... 'இந்தப் பழைய ரூபாய் உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்று. எனக்கு வாரத்துக்கு ஒன்று வரும். அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே கலியபெருமாளுக்கு அனுப்பினார்கள். மனிதர் காசுக்கு அலைகிறார் என்று பேச்சு கிளம்பியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"விக்கறதுக்காவா மேடம் வச்சிகினு இருக்கேன்?" என்று ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "விவரம் தெரிஞ்ச ஒருத்தர் கையில வாங்கிப் பாத்துட்டு, ஆமாய்யா, இது நெசம்தான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் ஒண்ணும் கிறுக்கன் இல்லன்னு எனக்கே தெரியணும்ல?"

இந்த வருஷக் கடைசியில் அவர் ரிட்டையர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பூங்காக் கூட்டத்தையும் விட்டுப் போக வேண்டும். போவதற்குள் அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

நான் சும்மா இருப்பேனா? புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த டேவிட் சார் என்று ஒருவர். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். நாணய விஷயத்தில் அவர் ஆமாம் என்றால் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் எல்லாருக்கும் ஆமாம். செம்பு ரூபாயை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஓரத்தைப் பிடித்து, இரண்டு பக்கமும் என் போனில் படம் எடுத்து அனுப்பினேன். இது நடந்தது ஆவணி தொடக்கத்தில்.

டேவிட் சார் நிதானமானவர். பதில் வர ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. அதுவரை யாருக்கும் டப்பாவைத் திறப்பதில்லை என்று கலியபெருமாள் வைராக்கியமாக இருந்தார். 'படத்தில் பார்த்தவரை அச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் விளிம்பைப் பார்க்க வேண்டும். கையில் வாங்கிப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வதில்லை. அடுத்த ஞாயிறு நெய்வேலி வருகிறேன்.'

கலியபெருமாளிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே பீரோவைத் திறந்தார். தைல டப்பாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

பஞ்சு இருந்தது. காந்தம் பீரோவில் அதன் இடத்தில் இருந்தது. ரூபாய் இல்லை.

பஞ்சைப் பிரித்துப் பார்த்தார். ஆல்பங்களை உதறினார். பீரோவில் இருந்த புடவைகளெல்லாம் கட்டிலுக்கு வந்தன. பிறகு மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ரூபாயைக் கடைசியாகக் கையில் வைத்திருந்த வெளி ஆள் யார்? நான்தான். படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேனா? கொடுத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பார்வை படப்பட எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன் என்றால் பாருங்களேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஜெயக்கொடி வந்தாள். வடக்குத்தில் அவர்கள் கட்டுகிற புது வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறாள். கட்டிலில் கிடந்த புடவைகளைப் பார்த்தாள், திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

"அதத் தேடிகினா இருக்கீங்க? அது நிலைக்கு அடியில இருக்குது," என்றாள்.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், வாசலுக்கு நிலை வைப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று. அந்த ஆவணியிலேயே நல்ல நாள் பார்த்து வைத்தார்கள். மாவிலை, மஞ்சள், குங்குமம், பால், நவதானியம் எல்லாம் உண்டு. நிலைக்கு அடியில் ஐந்து உலோகம் போட வேண்டும். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். பூஜை சாமான் கடையில் இதைச் சின்ன பாக்கெட்டாகவே விற்கிறார்கள். எல்லாரும் அதைத்தான் வாங்கிப் போடுகிறார்கள்.

ஜெயக்கொடி அந்தப் பாக்கெட்டை வேண்டாம் என்றுவிட்டாள். "எல்லாம் தகரத்துக்குக் கலர் அடிச்சது அக்கா," என்று அன்றைக்கே என்னிடம் சொன்னாள். அவளே ஐந்தையும் சேர்த்தாள். பொன்னுக்கு அவள் தோட்டின் திருகாணி ஒன்று. வெள்ளிக்கு, மகள் குழந்தையாக இருந்தபோது போட்டிருந்த கொலுசின் மணி. இரும்புக்கு, கலியபெருமாள் முதன்முதலில் ஷிஃப்டுக்குப் போன சைக்கிளின் செயினில் ஒரு கண்ணி. ஈயத்துக்குப் பழைய ரசச் சொம்பில் ஒரு துண்டு. செம்புக்கு என்ன போட்டாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் பெரிய பெண்பிள்ளைதான் ஐந்தையும் துணியில் முடிய வேண்டும், முடிந்தபிறகு பிரிக்கக் கூடாது என்று மேஸ்திரி சொன்னார். மஞ்சள் துணியில் அவள்தான் முடிந்தாள்.

அந்த முடிச்சைக் குழிக்குள் இறக்கியது யார் தெரியுமா? வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இரண்டு கையாலும் பயபக்தியோடு... சாட்சாத் கலியபெருமாள்தான். என் போனில் படம் இருக்கிறது.

"நானேவா வச்சேன்?" என்றார். அப்படியே புடவைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா. நீங்கதான வச்சீங்க."

"அத ஏன்டி போட்ட? வூட்டுல வேற செம்பே இல்லியா?"

ஜெயக்கொடி புடவைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். அவர் எழுந்து வெளியே போனார்.

அடுத்த சில நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. தட்டு வைக்கிற சத்தமும் குழாய் மூடுகிற சத்தமும்தான் கேட்டன. எனக்குத் தாங்கவில்லை. மனிதர் இருபது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறது. ரூபாயோ சிமென்ட்டுக்கு அடியில். எடுத்துவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் தோண்டுகிற கட்சி. சத்தமாகவே சொன்னேன்.

மேஸ்திரி ஏழுமலைக்குப் போன் போட்டதும் நான்தான்.

"நிலைய அசைக்க வேணாங்க," என்றார் அவர். "வெளிப்பக்கமா நோண்டினா கை உள்ள போவும். ஆனா வச்சத எடுக்கறது நல்லதில்ல. எனக்குத் தெரிஞ்சி யாரும் எடுத்ததில்ல. நீங்க சொன்னா செய்றேன். நாளைக்கு அந்த வூட்டுல ஒண்ணு ஆச்சின்னா என்னைக் கேக்கக் கூடாது."

எனக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கப் போவது நான் இல்லையே. ஜெயக்கொடியைக் கேட்டுவிடுவோம் என்று பின்பக்கம் போனேன். அவள் நட்ட பலா மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கட்டும் அக்கா. நான் என்னா வேணாம்னா சொன்னேன்?" என்றாள். கொஞ்ச நேரம் கூட்டினாள். பிறகு விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள். "இந்த வூட்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் யோசிச்சிதான் அடிச்சேன். எனக்கு முன்னாடி யாரோ இருந்தாங்க, எனக்கு அப்புறம் யாரோ வரப் போறாங்க. இந்த மரத்தையும் வுட்டுட்டுத்தான் போறேன். அங்க வச்ச நிலை ஒண்ணுதான் எனக்குன்னு வச்சது. அதுக்கு மொதல்ல பால் ஊத்தனது நானு. இப்ப அத நோண்டப் போறாங்கன்னா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா அவரு மொகத்தையும் பாக்க முடியல அக்கா."

"சரி, ஏன் அதைப் போட்டே? அதைச் சொல்லேன்."

"அத வுடுங்க," என்றாள்.

விட்டேன். நான் எதையாவது விட்டேன் என்பதே செய்திதான், தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை டேவிட் சார் போன் செய்தார். வழியில் குள்ளஞ்சாவடியில் பஸ் டீக்கு நிற்கிறதாம். கலியபெருமாள் இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக இருந்தார். சட்டைப் பையில் காந்தம் துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் டேவிட் சாரிடம் விஷயத்தைச் சொல்லி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வடக்குத்துக்கே அழைத்துப் போனேன். அவர் வழி நெடுகச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்.

அப்படித்தான் ஐந்து பேரும் அந்த வாசலில் வந்து நின்றோம்.

சுவர் நிலையின் தலைக்கு மேல், லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது. கதவு இன்னும் போடவில்லை. வேப்பமர நிலை மட்டும் மஞ்சள் பூச்சு மங்காமல் நின்றது. ஏழுமலை கடப்பாரையோடு உட்கார்ந்து, வெளிப்பக்கப் படியின் சிமென்ட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "இங்கதான். சொல்லுங்க, போடவா?"

கலியபெருமாள் ஜெயக்கொடியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். நான் டேவிட் சாரைப் பார்த்தேன். அவர் எதற்கோ சங்கடப்பட்டவர்போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் ஜெயக்கொடியிடம் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு வேற செம்பு ஒண்ணும் கைக்குக் கிடைக்கலையா?"

"ஏன் இல்ல சார்? செம்புக் கொடம் ரெண்டு இருக்குது. சொம்பு இருக்குது. ஓரத்துல ஒரு துண்டு வெட்டியிருந்தா முடிஞ்சிது."

"பின்ன ஏம்மா?"

அவள் முந்தானையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். பதில் சொன்னது டேவிட் சாருக்குத்தான். ஆனால் குரல் வேறு யாருக்கோ போனது.

"மேஸ்திரி சொன்னாரு, உங்க வூட்டுல இருக்கறதுலயே ஒசத்தியானத போடுங்கம்மா, வூடு நல்லா இருக்கும்னு. இவரு கல்யாணம் ஆன பிற்பாடு ஒரே ஒரு பொருளதான் ஒசத்தி ஒசத்தின்னு சொல்லிகினு இருக்காரு. எங்க அண்ணன் சிரிச்சாரு. பார்க்குல இருக்கறவங்க சிரிச்சாங்க. எம் பொண்ணுகூட சிரிச்சிது. நான் ஒரு நாளும் சிரிச்சதில்ல சார். எனக்கு அந்தக் காந்தக் கதையெல்லாம் ஒண்ணும் புரியாது. ஆனா இவரு பொய் சொல்ல மாட்டாரு. இவரு ஒசத்தின்னா அது ஒசத்திதான். அதான் அத வச்சேன். சும்மா செம்புக்காவ வைக்கல."

ஏழுமலை கடப்பாரையைத் தரையில் ஊன்றியபடி அப்படியே இருந்தார். பக்கத்து மனையில் யாரோ மணல் சலிக்கிற சத்தம் கேட்டது.

மறைத்து எழுத என்ன இருக்கிறது? ஒரு வாரமாக அந்த வீட்டு வாசலைத் தோண்டச் சொல்லி அதிகம் சத்தம் போட்ட ஆள் நான். அந்த நிமிஷம் கடப்பாரையை நானே பிடுங்கி எறிந்திருப்பேன்.

அதற்கு வேலை இருக்கவில்லை. கலியபெருமாள் குனிந்து, மேஸ்திரி கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். சுவரோரமாகப் பத்திரமாகச் சாய்த்து வைத்தார்.

"படிக்கு மேல கிரானைட் போடறேன்னு சொன்னீங்களே மேஸ்திரி, எப்ப போடறீங்க?" என்று கேட்டார்.

"நீங்க கல்லு எடுத்துக் குடுத்தா மறுநாளே போட்டுடலாம்."

"நாளைக்கே எடுத்துடலாம். ஜெயா, கருப்பு வேணுமா, செவப்பு வேணுமா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. "செவப்பே போடுங்க," என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போனதை நாங்கள் யாரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

கலியபெருமாள் டேவிட் சார் பக்கம் வந்தார். "மன்னிச்சிக்கங்க சார். இத்தினி தூரம் வரவச்சி..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா கலியபெருமாள், ஒண்ணு சொல்லிடறேன். கையில பார்க்காம நான் நிஜம்னு சொல்ல முடியாது. பொய்னும் சொல்ல முடியாது."

"தெரியும் சார். நீங்க சொல்ல வேணாம்."

சட்டைப் பையிலிருந்த காந்தத்தை எடுத்து ஒருமுறை பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். டேவிட் சார் செருப்பைக் கழற்றினார். படியை மிதிக்காமல், பேன்ட்டை லேசாகத் தூக்கிப் பிடித்துத் தாண்டி உள்ளே போய், "இது ஹாலா? காத்து நல்லா வருதே," என்றார். நானும் புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன். சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவள்தான்... ஆனாலும் தாண்டினேன்.

ஜெயக்கொடி கொண்டுவந்திருந்த இட்லியை உள்ளே மணல் மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டேவிட் சார் நாலு சாப்பிட்டுவிட்டு, சட்னி காரம் என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவதையும் கேட்டு வாங்கினார்.

யோசித்துப் பார்க்கிறேன். அபூர்வமான பொருள் என்றால் கண்ணாடிப் பெட்டி, பூட்டு, சான்றிதழ் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. யாராவது பெரியவர் பார்த்து, ஆமாம் என்று தலையசைக்க வேண்டும். அந்தத் தலையசைப்புக்காக நாம் எங்கெங்கோ படத்தை அனுப்பிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்குள் ஒருத்தி இட்லிக்கு மாவு அரைத்தபடி எப்போதோ தலையசைத்திருப்பாள். நாம் கேட்டிருக்க மாட்டோம். அவளும் அதையெல்லாம் ஒரு விஷயமாக எடுத்துச் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்று சாயங்காலம் பூங்காவில் நடக்கப் போயிருந்தேன். (நடைக்குத்தான் போனேன். அவர்கள் உட்காரும் சிமென்ட் பெஞ்சு வழியாகப் பாதை போனால் நான் என்ன செய்ய?) கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். விஷயம் அதற்குள் பரவியிருந்தது, ஆனால் பாதிதான்.

"என்ன செம்பு, புதுச்சேரியிலேர்ந்து ஆளு வந்தாங்களாமே? என்ன சொன்னாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

கலியபெருமாள் காலை நீட்டி, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நெசம்தான்னு சொல்லிட்டாங்க," என்றார்.

"பாத்துட்டா சொன்னாங்க?"

"இத்தினி வருஷமா பாத்துகினு இருந்துட்டுதான் சொன்னாங்க."

அவர்களுக்குப் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், விளக்கம் கேட்டு.

நான் வாயைத் திறக்காமல் நடந்துகொண்டே இருந்தேன்... என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த ரூபாயைவிட அதுதான் அபூர்வம்.